வலப்பக்கம் பார்த்த கிடா

யோஸ் குராட்லி கெட்ட மனிதர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மீதியைக் கேட்டால் அவர்மேல் கோபம் வரும். பாலில் தண்ணீர் கலக்காதவர். பக்கத்து நிலத்து வேலியை ஒரு சாண்கூட நகர்த்தாதவர். மனைவி வெரேனாமேல் ஒரு நாளும் கை ஓங்காதவர். துர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். ஆனால் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் அவர் திறக்கவில்லை. மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் மூடவும் இல்லை. அவருடைய வாழ்க்கை மொத்தமும் இந்த இரண்டுக்குள் அடங்கிப் போயிற்று.

இளவயதில் அவரும் ஹைனி விக்லியும் ஒன்றாக மரம் மிதக்கவிடும் வேலைக்குப் போனார்கள். பனி உருகி ஆறு பொங்கும் நாட்களில், மலையில் வெட்டிய மரங்களைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, நீளமான கொக்கிக் கழிகளோடு கரையோரம் ஓடி ஓடி அவற்றைத் திருப்பிவிட வேண்டும். ஒரு நாள் யோஸுக்குக் கால் வழுக்கியது. ஆற்றில் விழுந்தவரின் தலைக்குமேல் மரங்கள் மூடிக்கொண்டன. ஹைனி கழியை நீட்டி, அவருடைய இடுப்பு வாரில் கொக்கியை மாட்டி இழுத்துவிட்டார். இழுத்தபோது ஹைனியின் வலது கை இரண்டு மரங்களுக்கு நடுவில் சிக்கியது. யோஸ் முழுசாகக் கரையேறினார். ஹைனியின் இரண்டு விரல்கள் ஆற்றோடு போயின.

"அழாதேடா மடையா," என்றார் ஹைனி, ரத்தம் சொட்டும் கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டே. "இன்னும் மூணு இருக்கில்ல. கரண்டி பிடிக்க மூணு போதும்."

கரண்டி பிடிக்கப் போதும். ஒரு மந்தைப் பசுக்களைக் கறக்கப் போதாது. மேய்ச்சல் மலைகளில் பாலாடைக்கட்டி காய்ச்சுகிற வேலைக்கு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நாலு ஆடும் ஒரு கிடாவும் வாங்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் ஒரு தாழ்ந்த வீட்டில் மனைவி சலோமேயோடு காலம் தள்ளினார். யோஸுக்கோ அப்பாவின் நிலம் வந்தது, வெரேனாவோடு அவள் பசுக்களும் வந்தன, கடைசியில் பள்ளத்தாக்கு நியாயசபையில் ஒரு நாற்காலியும் வந்தது.

நியாயசபையில் உட்காருகிறவருக்கு முத்திரை வேண்டும். முத்திரை என்றால் கேடயச் சின்னம் வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பிரபுவாகப் பிறக்கத் தேவையில்லை. அடுத்தவனுடையதைத் திருடாமல் இருந்தால் போதும், செருப்பு தைப்பவர்கூட ஒரு கேடயம் வரைந்துகொள்ளலாம். யோஸ் லிக்டென்ஸ்டைக் ஊருக்குப் போய்க் கண்ணாடி ஓவியரைப் பார்த்தார். சிவப்புக் கேடயத்தில், பச்சை மேட்டின்மேல் ஒரு வெள்ளைக் காளை என்று முடிவாயிற்று.

"எந்தப் பக்கம் பாக்கணும்னு நான் கேக்கவே மாட்டேன்," என்றார் ஓவியர். "மிருகம்னா நமக்கு இடப்பக்கமாத்தான் பாக்கும். அந்தக் காலத்துல குதிரைவீரன் கேடயத்தை இடது கையில பிடிச்சான். குதிரை போற பக்கம் கேடயத்து மிருகமும் பாக்கணும். மாத்திப் பாத்தா சண்டையிலேர்ந்து ஓடுதுன்னு அர்த்தம்."

"எப்பவுமே அப்படித்தானா?"

"ரெண்டு கேடயம் பக்கத்துல பக்கத்துல வந்தா மட்டும் வேற. அப்ப இடப்பக்கத்துல இருக்கிறது மத்ததைப் பாத்துத் திரும்பிக்கும். கூட இருக்கிறவங்களுக்கு முதுகைக் காட்டலாமா? அது மரியாதை."

யோஸ் பெரிய விஷயம் தெரிந்துகொண்டவர் போலத் தலையாட்டினார். முத்திரையை ஹைனியிடம் காட்டியபோது ஹைனி விழுந்து விழுந்து சிரித்தார்.

"கொட்டகையில இருக்கிறது பத்தலைன்னு கேடயத்துலயும் மாடா? நான் எடுத்தா என் கிடாவைத்தான் எடுப்பேன். அதுக்குத் தாடியாவது இருக்கு, உன் நியாயசபையில உட்காரலாம்."

அடுத்த இரண்டாவது வருஷம் யோஸ் புது வீடு கட்டத் தொடங்கினார்.

வீடு கட்டுகிறவர் ஜன்னல் கேட்கப் போவது எங்கள் வழக்கம். வேண்டியவர்களின் வாசலில் போய் நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்றி, "வீடு கட்டியிருக்கேன். ஒரு ஜன்னல் குடுங்க. உங்க கேடயம் என் வீட்டுல இருக்கட்டும்" என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் தம் சின்னம் வரைந்த வண்ணக் கண்ணாடி ஒன்றைச் செய்து அனுப்புவார். அடியில் அவர் பெயரும் வருஷமும் இருக்கும். நடுக்கூடத்தில் உட்கார்ந்து வெயில் வரும்போது நிமிர்ந்து பார்த்தால், தமக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். வந்தவர்களுக்கும் தெரியும். கேட்காமல் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அழைக்காத கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்காருவது மாதிரி அது.

யோஸ் கேட்டார். பள்ளத்தாக்கை ஆளும் மடாதிபதியின் அதிகாரியிடம் கேட்டார், நியாயசபைக்காரர்களிடம் கேட்டார், ஆலைக்காரரிடமும் மாமனாரிடமும் கேட்டார். ஹைனியிடம் கேட்கவில்லை.

ஹைனி தினமும் அங்கேதான் இருந்தார். மூன்று விரலோடு உத்தரம் தூக்கினார், கூரைப் பலகை அடித்தார், கூலி என்று பேச்செடுத்தால் முறைத்தார். கூடத்தில் ஜன்னல் சட்டங்களைப் பொருத்திய அன்று, நடுச்சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இதுல யாருடா?"

"என் காளை."

"அதுக்கு இடப்பக்கம் இருக்கே, அது யாருக்கு?"

யோஸ் சிரித்தார். "பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்டா. ஆணியை எடு."

ஹைனியும் சிரித்துக்கொண்டே ஆணியை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சட்டம் யாருக்கு என்று இருவருக்குமே தெரியும். கேட்பது ஒன்றுதான் பாக்கி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வெரேனா கேட்டுவிட்டாள். "ஏங்க, ஹைனி அண்ணன் வாசலுக்கு எப்ப போகப் போறீங்க?"

"அவன்கிட்ட ஏது காசு? இந்தக் குளிர்லதான் பிள்ளையைப் புதைச்சான். நான் போய் நின்னா இல்லைன்னு சொல்ல மாட்டான், கடன் வாங்கியாவது செய்வான். அவனை ஏன் கஷ்டப்படுத்தணும்?"

"கேக்காம விட்டா கஷ்டப்பட மாட்டாராக்கும்?"

"இடம் விட்டு வச்சிருக்கேன்ல. அவனுக்கு முடியும்போது அவனே சொல்லட்டும்."

அவர் சொன்னது பொய் அல்ல. உண்மையாகவே இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. அதிகாரியின் கண்ணாடி ஏற்கெனவே வந்துவிட்டது. தங்கச் சிங்கம் ஒன்று, பக்கத்தில் அவர் மனைவி வீட்டு ரோஜா. கிரகப்பிரவேசத்துக்கு அந்த அதிகாரியே வரப்போகிறார். சிங்கம் இருக்கிற வரிசையில், அதுவும் வீட்டுக்காரரின் கேடயத்தை ஒட்டி, ஓர் ஆட்டுக்காரரின் கிடாவா என்று மனசின் ஒரு மூலை முணுமுணுத்தது. இரண்டில் எது பெரிசு என்று யோஸ் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே ஆற்றைக் கடந்து போயிருப்பார்.

கிரகப்பிரவேசத்தன்று கூடம் முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வெளிச்சம் கொட்டியது. யோஸ் விருந்தாளிகளை ஜன்னல் ஜன்னலாக அழைத்துப் போனார்.

"பாத்தீங்களா, அதிகாரி அய்யாவோட சிங்கம் வழக்கத்துக்கு மாறா வலப்பக்கம் திரும்பியிருக்கு. ஏன் தெரியுமா? பக்கத்துல அம்மாவோட கேடயம். முதுகைக் காட்டக்கூடாது. மரியாதை!"

எல்லோரும் ஆகா என்றார்கள். ஹைனி சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, கதவோரம் வெறுங்கையோடு நின்றிருந்தார். காளைக்கு இடப்பக்கச் சட்டத்தில் வெறும் கண்ணாடி போட்டிருந்தது. அதன் வழியாக ஆற்றுக்கு அப்பால் அவருடைய வீடே தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா வெளிச்சம் வருதுடா," என்றார். வெரேனா நீட்டிய கோப்பையைக் கையில் வாங்கி, குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப்படி ஏறவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. தேவாலயத்தில் பார்த்தால் தலையசைப்பார். சந்தையில் பார்த்தால் பசு எப்படியிருக்கிறது, புல் எப்படியிருக்கிறது என்று கேட்பார். யோஸுக்கு முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது. 'வீட்டைப் பார்த்து வயிற்றெரிச்சல்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வந்தது.

வருஷங்கள் போயின. ஒரு கோடையில் பள்ளத்தாக்கையே துவம்சம் செய்த ஆலங்கட்டி மழை ஒன்று அடித்தது. அது ஓய்ந்த சில வாரங்கள் கழித்து, மாட்டு வைத்தியர் ஒருவர் சத்திரத்துக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தார்.

"சேதி தெரியுமா? ஹைனி விக்லி தன் வீட்டு ஜன்னல்ல தன்னோட கேடயத்தையே மாட்டியிருக்கான்! ஆடு பாக்கப் போனேன், உள்ளே பாத்தேன்."

சத்திரம் அதிர்ந்தது. தம் கேடயத்தைத் தாமே தமக்குக் கொடுத்துக்கொள்வது, தம் பிறந்தநாளுக்குத் தாமே பாட்டுப் பாடிக்கொள்வது போன்ற காரியம்.

"யாரும் குடுக்கலைன்னா என்ன பண்ணுவான், பாவம்," என்றாள் சத்திரக்காரி பார்பெல்.

"இன்னும் கேளு. அதுல ஒரு கிடா. அதுவும் தப்பான பக்கம் பாக்குது, வலப்பக்கம்! யோஸ் அண்ணே, நீங்கதான் விஷயம் தெரிஞ்சவர். அதுக்கு என்ன அர்த்தம்?"

எல்லா முகங்களும் யோஸின் பக்கம் திரும்பின. மூன்றாவது கோப்பை அவர் கையில் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேச்சை மாற்றியிருக்கலாம். அவரோ மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"வலப்பக்கம் பாத்தா ஓடுதுன்னு அர்த்தம். சண்டையிலேர்ந்து."

"ஓடுற கிடா!" என்று கத்தினார் வைத்தியர்.

அவ்வளவுதான். அந்த வாரமே பள்ளத்தாக்கு முழுக்க ஹைனி 'ஓடுற கிடா' ஆகிவிட்டார். சலோமே சந்தைக்கு வந்தால் 'ஓடுற கிடா வீட்டுக்காரி'. அவர்கள் மகள் கல்யாணத்தில் யாரோ 'மே' என்று கத்தினார்கள். தம்மைப் பிடித்து இழுத்த கையின் சொந்தக்காரருக்கு, ஓடினவன் என்று யோஸ் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையிலேயே அவருக்கு நெஞ்சு உறுத்தியது. போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று பாலம்வரை போனார். ஆற்றைத் தாண்டிப் பார்த்தால், ஹைனி வீட்டு ஜன்னலில் அந்தக் கண்ணாடி ஒரு கறுப்புச் சதுரமாகத்தான் தெரிந்தது. வண்ணக் கண்ணாடி பகலில் வெளியிலிருந்து எப்போதும் அப்படித்தான், உள்ளே போனால்தான் நிறம். அவர் பாலத்தைத் தாண்டவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஒரு மார்ச் மாதம் வெரேனா சொன்னாள், "ஹைனி அண்ணனுக்கு இருமல் நெஞ்சுல இறங்கிடுச்சாம். போய்ப் பாத்துட்டு வாங்க."

"ஞாயித்துக்கிழமை போறேன்."

சனிக்கிழமை ஹைனி செத்துப்போனார்.

மறுநாள் காலை யோஸ் பாலத்தைத் தாண்டினார். தலை குனிந்து அந்தத் தாழ்ந்த வாசலுக்குள் முதல் தடவையாக நுழைந்தார். எத்தனையோ வருஷம் எதிரெதிரே வாழ்ந்தும் முதல் தடவை. ஹைனியைப் பலகையில் கிடத்தி, மூன்று விரல் கையை மேலாக வைத்திருந்தார்கள். தலைமாட்டில் சலோமே உட்கார்ந்திருந்தாள். ஜெபம் சொல்லி நிமிர்ந்தபோதுதான் யோஸ் ஜன்னலைப் பார்த்தார்.

காலை வெயில் கண்ணாடியில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நீலக் கேடயத்தில், தாடியோடு ஒரு வெள்ளைக் கிடா நின்றிருந்தது. கேடயத்துக்கு மேலே சிறிதாக ஒரு படம் இருந்தது. பொங்குகிற ஆறு, மிதக்கிற மரங்கள், தண்ணீரில் சிவப்புத் தொப்பியோடு ஒருவன், கரையில் கழியோடு இன்னொருவன். அந்தச் சிவப்புத் தொப்பியை யோஸுக்குத் தெரியும். அவர் அம்மா பின்னியது. அடியில் ஹைனியின் பெயரும் ஒரு வருஷமும் எழுதியிருந்தன. அந்த வருஷத்தையும் அவருக்குத் தெரியும். அவருடைய புது வீட்டு நிலைப்படிக்கு மேலே செதுக்கியிருப்பதும் அதே வருஷம்தான்.

கிடா வலப்பக்கம் பார்த்து நின்றது.

சலோமே அவருடைய பார்வையைத் தொடர்ந்தாள். "ஓடுற கிடாவைப் பாக்குறீங்களா?"

யோஸ் ஜன்னலுக்கு ஓரடி கிட்டப் போனார்.

"ஓவியர் கேட்டாராம், எங்கே மாட்டப் போறீங்கன்னு. யோஸோட காளைக்கு இடப்பக்கம்னு இவர் சொன்னாராம். அப்படின்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கணும்னு அவர்தான் திருப்பி வரைஞ்சு குடுத்தார். கையில காசு இல்ல. அந்தக் கிடாவை வித்துத்தான் இந்தக் கிடாவை வாங்கினார். வைக்கோல்ல சுத்திக் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தார். இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு. சத்தம் கேட்டா எழுந்து உக்காருவார்."

"சலோமே..."

"ஆலங்கட்டி மழையில ஜன்னல் உடைஞ்சுது. வேற கண்ணாடி வாங்க வழியில்ல. குளிருக்கு அடைக்கத்தான் இதை எடுத்து மாட்டினோம். பெருமைக்கு இல்ல."

"நான் சத்திரத்துல சொன்னது அவனுக்கு..."

"தெரியும். கேட்டுட்டுச் சிரிச்சார். 'அவனுக்குத் தெரியும்டி, எந்தப் பக்கம் பாக்குதுன்னு அவனுக்கே ஒரு நாள் ஞாபகம் வரும்'னு சொன்னார். நான் சிரிக்கலை."

யோஸ் தொப்பியைக் கழற்றினார். அந்தச் சொற்களை ஊரில் எத்தனையோ வாசல்களில் மடமடவென்று சொன்னவர்தான். இப்போது ஒவ்வொன்றையும் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பலகையில் கிடந்தவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஹைனி, வீடு கட்டியிருக்கேன்டா. ஒரு ஜன்னல் குடு. உன் கேடயம் என் வீட்டுல இருக்கட்டும்."

சொல்லி முடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழாதேடா மடையா என்று சொல்ல யாரும் இல்லை. சலோமே எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"நேத்து விடியறதுக்குள்ள கேட்டிருந்தாக்கூட அவரே எழுந்து கழட்டியிருப்பார். இப்ப என்னைக் கேக்காதீங்க. இது அவர் பேர் போட்ட கண்ணாடி. அவர்தான் குடுக்கணும், நான் குடுக்க முடியாது."

அடக்கம் முடிந்த அன்றே யோஸ் சத்திரத்துக்குப் போய், நடுவில் நின்று, நடந்ததையெல்லாம் சொன்னார். கிடா ஓடவில்லை, மரியாதைக்காகத் திரும்பியது, என் காளையைப் பார்த்துத் திரும்பியது, நான் சொன்னது தப்பு என்றார். சிலர் தலை குனிந்துகொண்டார்கள். பார்பெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாட்டு வைத்தியரும் பெருமூச்சு விட்டார்.

"அடப்பாவமே," என்றார். "நம்ம ஓடுற கிடாவுக்கு இப்படி ஒரு கதையா!"

பெயர் போகவில்லை. இன்றைக்கும் அந்தச் சரிவில் இருக்கிற ஹைனியின் பேரன்களுக்கு அதே பெயர்தான். ஏன் வந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

யோஸ் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார். காலையில் கூடத்தில் உட்கார்ந்தால் அதிகாரியின் சிங்கத்தைப் பார்க்க மாட்டார், ரோஜாவைப் பார்க்க மாட்டார். ஆனால் அந்தச் சிங்கம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஏன் என்று வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் வாய் வலிக்கச் சொன்னவர் தாம்தானே என்ற நினைப்பு மட்டும் அவரை விடவில்லை. நடுச்சட்டத்தில் அவருடைய காளை, வழக்கப்படி இடப்பக்கம் பார்த்து நின்றது. பக்கத்தில் வெறும் கண்ணாடி, அதற்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் அந்தக் கறுப்புச் சதுரம்.

ஒரு வருஷம் புதிதாக வந்த அதிகாரி, தம் கேடயத்தை அந்த வெற்றிடத்துக்குத் தருவதாகத் தாமே சொல்லியனுப்பினார். யோஸின் மகனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, நாம கேக்காமலே தர்றேங்கிறார்! நாளைக்கே சரின்னு சொல்லிடவா?"

"வேண்டாம்."

"ஏன்ப்பா? எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா அது காலியாத்தானே கிடக்கு?"

யோஸ் வெறும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்கு ஒருத்தன்கிட்ட கேட்டிருக்கேன்டா," என்றார். "அவன் இன்னும் பதில் சொல்லலை."